துணைக்கு வந்தவள்

"எனக்குத் தலை சரியில்லைங்க கண்டாக்கய்யா. இன்னைக்குக் கிளினிக்கு. மருமகளத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் அம்மாக்கண்ணு சொன்னாள். புத்தி பேதலித்த விஷயத்தை லயத்து வீடுகளில் காதோடு காதாகத்தான் பேசுவார்கள். அவளுக்கோ வெட்கமே கிடையாது.

தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு பிரதாப்புக்கு எரிச்சல். தேயிலைக் கொழுந்து கூடிய மாதம். மலையில் கொழுந்து பறிக்க இரண்டு ஆள் குறைந்தால் தோட்டத்துத் துரையிடம் அவன்தான் பேச்சு வாங்க வேண்டும்.

"போன மாசமும் ரெண்டு பேரும் போனீங்க. நீ போ. வினோதா மலைக்குப் போகட்டும்."

"தனியாப் போனா பஸ்ஸு மாறி ஏறிருவேனுங்க."

"மாறி ஏறினா எறங்கி வா. வாய் மட்டும் நல்லாத்தானே வேலை செய்யுது?"

கூட்டம் சிரித்தது. மருமகள் வினோதா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து மாதக் குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"பாவம் இந்தப் புள்ள," என்றாள் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி. "கண்ணப் பாருங்க, தூங்கி எத்தன நாளாச்சோ. மாமியாக்காரி படுத்துற பாடு அப்பிடி!"

அம்மாக்கண்ணு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மாத்திரை நேத்தோட முடிஞ்சிருச்சுங்கய்யா. இன்னைக்கு விட்டா அடுத்த மாசந்தான்."

"அதான் உன்னையப் போன்னு சொல்லிட்டேனே! வினோதா, நீ மலைக்குப் போம்மா."

வினோதா மலைப் பக்கம் நகர்ந்தாள்.

அவ்வளவுதான். அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கழுத்துவரை கூடை. அப்படியே பெரட்டுக்களத்தின் நடுவில் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தொரைக்கு அரைப்பேரு போடுங்க! கொழுந்து பத்தல! தொரைக்கு அரைப்பேரு போடுங்க!"

கொழுந்து குறைந்தால் தங்களுக்கு விழும் பாதிச் சம்பளத்தைத் துரைக்கே போடச் சொன்னதும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். பிரதாப்புக்கு வியர்த்துவிட்டது. துரையின் பங்களாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"வினோதா! மொதல்ல இதக் கூட்டிட்டுப் போய்த் தொலைம்மா!"

"முழுசா முத்திருச்சு," என்றாள் நாகலெட்சுமி. "இதுகிட்ட மாட்டிக்கிட்டு அந்தப் புள்ள என்ன பாடுபடுதோ!"

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பிறகு மாமியாரும் மருமகளும் உள்ளே போனார்கள். டாக்டர் சுகிர்தன் யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளியின் கிளினிக் கொப்பியை விரித்தார்.

"வினோதா, இப்ப நித்திரை வருதோ? மருந்தை விடாமல் எடுக்கிறீங்கள்தானே?"

"எடுக்கிறேங்க டாக்டர். தூக்கந்தான் இன்னும் சரியா வரல. ஆனா அழுக கொறஞ்சிருக்கு. பாப்பாவத் தூக்க முன்ன மாதிரி பயமா இல்ல," என்றாள் வினோதா.

"பிள்ளை பிறந்த பிறகு சில பேருக்கு வாற வருத்தம்தான். கட்டாயம் சுகமாகும். பாதியில மட்டும் விட்டுடாதேங்கோ."

வினோதாவுக்குக் கண் கலங்கியது. "எனக்காக மாமி தோட்டம் பூராவும் பைத்தியக்காரின்னு பேர் வாங்கிட்டாங்க, டாக்டர்."

டாக்டர் கதவோரம் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏனம்மா அப்படிச் செய்யிறீங்கள்?"

அம்மாக்கண்ணு மருமகளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"என்னையப் பைத்தியம்னா சிரிச்சிட்டுப் போயிருவாங்க, ஐயா. இவளச் சொன்னா, பெத்த புள்ளையையே கையில குடுக்க மாட்டாங்க."