மூன்று மலைக்கும் கேட்க

ஒரு காட்டில் மைனா ஒன்று விளம்பரத் தொழில் செய்துவந்தது. எந்த மரத்தில் பழம் பழுத்தாலும் கூவிச் சொல்லும். அந்த மரம் பழத்தில் பங்கு தரும். ஆனால் மைனாவின் குரல் ஓடையைத் தாண்டாது. காட்டைச் சுற்றியிருந்த மூன்று மலைக்கும் கேட்டே தீர வேண்டும் என்று அது பிடிவாதமாக இருந்தது.

முதலில் அணிலைப் பிடித்தது. யாருக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்பது அணிலுக்கு அத்துப்படி.

"தனியா ஓடி என்ன கண்டே? என்னோட சேர்ந்துடு" என்றது மைனா. அணில் சேர்ந்தது. கரடி இருக்கும் பக்கம் நாவல் பழத்தையும், கிளி இருக்கும் பக்கம் கொய்யாவையும் கூவியதில் தொழில் இரட்டிப்பானது.

அடுத்து, அக்கரையில் அதே தொழில் செய்த குயிலிடம் போனது.

"சேர்றேன். ஆனா கூவுறது நான் மட்டும்தான். ரெண்டு குரல் கலந்தா ஒண்ணும் விளங்காது" என்றது குயில்.

தன் தொண்டையை நம்பித்தான் மைனா தொழிலையே தொடங்கியிருந்தது. கிளையில் முன்னும் பின்னுமாக நடந்தது. பிறகு நிமிர்ந்து, "சரி, நாளைக்கே வந்துடு" என்றது.

குயிலின் கூவல் இரண்டு மலைகளுக்குக் கேட்டது. யானைகள்கூட வழி விசாரித்து வந்தன.

ஒருநாள் அணில் கேட்டது: "அக்கா, நீங்க கூவி ஒரு மழைக்காலம் ஆச்சு. வருத்தமா இல்லையா?"

"இருக்கு" என்றது மைனா, சிறகைக் கோதிக்கொண்டே. "மூணாவது மலையில ஒரு மரங்கொத்தி பலமாத் தட்டுதாம், பேசப் போறேன். அது சேர்ந்தா குயிலும் வாயை மூட வேண்டியிருக்கும். நீ பக்குவமாச் சொல்லி வை."

சொல்லிவிட்டு மலையை நோக்கிப் பறந்தது.