பேர் வாங்கிய கஷாயம்

வைத்தியர் அம்மா மாஸ்டரின் மணிக்கட்டை இன்னும் விட்டபாடில்லை.

மூன்று விரல்கள். நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான விரல்கள். கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்க்கிறாராம். எதிரே மாஸ்டரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் எதற்கு மூட வேண்டும்?

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாடியை இவ்வளவு நேரமா பார்ப்பார்கள்?

வைத்தியருக்கு அவள் வயதுதான் இருக்கும். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. பேச்சும் அப்படித்தான், மெதுவாக, பதமாக. வீட்டில் குக்கர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை அவளுடையது.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி "பிரேக், பிரேக்" என்று ஊருக்கே சொல்வார். தன் வாய்க்கு மட்டும் பிரேக் போடத் தெரியாது. உட்கார்ந்தே செய்யும் வேலை, கிடைத்த நேரத்தில் கேக், நாலைந்து டீ. சர்க்கரை ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நிறுத்தவே கூடாது என்றார். மாஸ்டர் ஒரு மாதம் விழுங்கினார். அப்புறம் யாரோ எதையோ ஓத, இதெல்லாம் கிட்னியைத் தின்றுவிடும், இனிமேல் மாத்திரையைத் தொட்டால் என் பேரை மாற்றிக் கூப்பிடு என்று சபதம் போட்டுவிட்டார்.

அவள் சொல்லாத சொல் இல்லை. நடங்கள் என்றாள். கேக்கை விடுங்கள் என்றாள். அழுது பார்த்தாள். பேசாமலும் இருந்து பார்த்தாள். மாஸ்டர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இந்த நாட்டு வைத்தியர் அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் மாஸ்டர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் வைத்தியர் அம்மா புராணம்தான். டீக்குச் சர்க்கரை வேண்டாம், வைத்தியர் அம்மா சொன்னாங்க. சீக்கிரம் படுக்கணும், வைத்தியர் அம்மா சொன்னாங்க. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் சொன்னால் நச்சரிப்பு, அதையே அந்த அம்மா சொன்னால் வைத்தியம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கிளட்ச் எது என்று தெரிவதற்கு முன்பே வைத்தியர் வீட்டு முகவரி தெரிந்துவிடும்.

அந்த அம்மா கொடுக்கும் பொடியில் கஷாயம் காய்ச்சுவது யார்? தினமும் காலையில் அடுப்படியில் நின்று, சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்துக் கையில் கொடுப்பது யார்? மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடிப்பார். டம்ளரை வைத்துவிட்டு, "கைராசின்னா அவங்க கைராசிதான்" என்பார்.

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். எங்கள் அண்ணன் உயிரைக் காப்பாற்றிய மகராசி என்று உருகினாள். அண்ணியைச் சொல்லவில்லை, வைத்தியரைத்தான். அண்ணிக்காரி "ஆமாம்" என்று போனை வைத்துவிட்டு, தேய்க்க வேண்டாத பாத்திரத்தை எல்லாம் எடுத்துத் தேய்த்தாள்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க அவளும் முயற்சி செய்து பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை.

வைத்தியர் ஒருவழியாகக் கண்ணைத் திறந்தார். மாஸ்டர் கொண்டுவந்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். சர்க்கரை இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது.

"நல்லா ஆயிடுச்சு. நடக்கிறத மட்டும் விட்டுடாதீங்க. கஷாயம் இன்னையோட போதும். இனிமே நீங்க இங்க வர வேண்டிய அவசியமே இல்ல."

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

இனிமேல் வர வேண்டாம். இதைக் கேட்பதற்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள்! இந்த நாற்காலிக்கும், இந்தக் குரலுக்கும், அந்த மூன்று விரல்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

அவளுக்குப் பகீரென்றது.

"ஐயோ, நிறுத்திடாதீங்கம்மா!"

வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க கஷாயத்தாலதான் இவர் நல்லா இருக்காரு. உங்க கைய நம்பித்தான் நாங்க இருக்கோம். எப்பவும் போலவே குடுங்கம்மா, காலத்துக்கும் குடுங்க."

சொல்லச் சொல்ல நாக்குக் கூசியது. இருந்தும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.

மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா? லேசுல யாரையும் நம்ப மாட்டா இவ. இவளே கேக்குறா பாருங்க!"

வைத்தியர் அவள் பக்கம் திரும்பினார். இவ்வளவு நம்பிக்கையோடு கேட்பவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று சிரித்தார். அலமாரியிலிருந்து பொடி டப்பா ஒன்றை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்ததும் மாஸ்டர் வண்டியை எடுக்கப் போனார். தெருமுனை மருந்துக்கடையில் இறங்கிக்கொள்ள என்ன சாக்குச் சொல்லலாம் என்று அவள் யோசித்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கடைசி ஒன்றைக் காலையில்தான் பொடித்துக் கஷாயத்தில் கலந்திருந்தாள்.

டீயில் கலந்தால் மாஸ்டர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.