பதினாலாம் நம்பர் வீடு

"அப்பா, நான் தப்பா எதுவும் கேக்கல. அந்தப் பதினாலாம் நம்பர் வீட்டுல யாரு இருக்காங்க?"

சர்வேயர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்தாள்.

"எந்தப் பதினாலாம் நம்பர்?"

"நாலு தெரு தள்ளி, பச்சை கேட் போட்ட வீடு. தினமும் பதினொன்றரைக்குப் போறீங்க. பன்னண்டு பத்துக்குக் கிளம்புறீங்க."

மகள் கைபேசியை நீட்டினாள். அதிலிருந்த வரைபடத்தில் ஒரு நீலக்கோடு சந்து பொந்தெல்லாம் சுற்றிவிட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தது. அப்படி ஒரு வீடு இருப்பதே சர்வேயருக்கு இப்போதுதான் தெரியும்.

எல்லாம் கையில் கட்டியிருக்கும் இந்த வாட்சால் வந்த வினை. மனைவி போன பிறகு, தன்னோடு வந்துவிடும்படி மகள் நச்சரித்தாள். அவளுடையது ஒன்பதாவது மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் வீட்டு ஜன்னல். மாட்டவே மாட்டேன் என்று இவர் அடம்பிடிக்க, கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு தினமும் எட்டாயிரம் காலடி நடக்க வேண்டும். கணக்கு அவள் கைபேசிக்குப் போய்விடும்; நடந்த வழியும் சேர்ந்து போகும் என்பது இவருக்குத் தெரியாது. ஒரு வாரம் குறைந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முப்பத்துநாலு வருஷம் அளவுச் சங்கிலியோடு காடு மேடெல்லாம் அலைந்தவர் அவர். ஓய்வு என்றால் உட்காருவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். காலையில் சாய்வு நாற்காலி, குறுக்கெழுத்து, ரேடியோ. பதினோரு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் மருந்துக்கடைக்காரரோடு செஸ். இதற்கு நடுவில் எட்டாயிரத்தை எங்கே கொண்டுபோய் நுழைப்பது?

நான்கு நாள் நடந்து பார்த்தார். ஐந்தாம் நாள் தபால்காரரைப் பிடித்தார். வீடு வீடாக நடந்தே தபால் கொடுக்கிற மனிதர். தினமும் காலையில் வந்து காப்பி குடித்தபடி அரை மணி நேரம் அரட்டை அடித்துவிட்டு, வாட்சைக் கட்டிக்கொண்டு போவார். மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுப்பார். பதினாலாயிரம், பதினாறாயிரம் என்று கணக்கு எகிறியது. மகள் பூரித்துப்போய், அதைக் காட்டியே தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று தபாலுக்கு விடுமுறை என்பதால் வாட்ச் சர்வேயரின் கையிலேயே இருந்தது. அந்த மட்டில் தப்பித்தார். ஆனால் நடக்கச் சொல்லி அனுப்பினால் அந்த ஆள் நாற்பது நிமிஷம் எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது.

"வர்ற வழியில அந்த வீட்டுக்கே போயிட்டு வந்துட்டேன்" என்றாள் மகள்.

சர்வேயர் கையிலிருந்த செய்தித்தாளை நாலாக மடித்துக் கீழே வைத்தார்.

ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் அங்கே தனியாக இருக்கிறாராம். எங்கப்பா தினமும் இங்கே வருகிறாரா என்று இவள் கேட்டதும் அவர் திருதிருவென்று விழித்தாராம். உங்கப்பா வீடு எது என்று விசாரித்தாராம். இவள் இடத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம், வருகிறார் என்று ஒத்துக்கொண்டாராம்.

முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி எதற்காக ஆமாம் சொல்ல வேண்டும்? சர்வேயருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மகள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ஒண்டிக்கட்டையா கஷ்டப்படுறீங்களேன்னுதான்பா கூட வரச் சொன்னேன். ஒரு துணை இருக்குன்னா நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்? நீங்க இங்கேயே இருங்க. உண்மையை மட்டும் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் இன்றைக்கே ஒன்பதாவது மாடி. நாற்காலி போச்சு, தூக்கம் போச்சு, செஸ் போச்சு.

"ஆமாம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. சொன்னதும் அவருக்கே அவமானமாக இருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்த அம்மாளைக் காப்பிக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், இப்போது வந்துவிடுவார் என்றும் சொன்னாள். சர்வேயருக்குச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். வணக்கம் சொல்லி எதிரே உட்கார்ந்து, சர்வேயரை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு, மகள் சந்தோஷமாகக் காப்பி போடப் போனாள்.

சர்வேயர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். இவரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. தினமும் உங்க வீட்டுக்கு வர்றது..."

"தபால்காரர். தெரியும், மெதுவா பேசுங்க" என்ற அந்த அம்மாள், இழுத்துப் போர்த்தியிருந்த சேலைத் தலைப்பை விலக்கினார். அவர் கையிலும் ஒரு வாட்ச் இருந்தது.

"எனக்கும் அவர்தான் சார் நடக்குறார். உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே என் வாட்சை வாங்கிக் கட்டிக்கிட்டு, பதினொன்றரைக்குத் திருப்பிக் கொடுக்க வந்து சாப்பிட்டுட்டுப் போவார். 'தினமும் காலையில நாலு தெரு தள்ளி அந்த வீட்டுல அரை மணி நேரம் உனக்கு என்னம்மா வேலை'ன்னு என் பையன் போன வாரமே கேட்டுட்டான். நானும் வேற வழியில்லாம ஒத்துக்கிட்டேன். உங்களைப் பாக்கத்தான் இப்ப வந்துக்கிட்டிருக்கான்."