பின்பாதி

அம்மச்சிக்கு மூளை மந்தமாகிவிட்டது என்று ரெஜி முடிவு கட்ட மூன்றே நாள்தான் ஆனது.

அயர்லாந்திலிருந்து மூன்று வருஷம் கழித்து, கேரளத்தில் சொந்த ஊரான ரான்னிக்கு லீவில் வந்திருந்தான். வாசலிலேயே ஆரம்பித்தாள் அவன் அம்மா சோசாம்மா.

"மோனே... அங்க இப்பவும் குளிர்தானா? இங்க... என்னன்னா..."

"மழை. அதானே? அப்புறம்?"

"மழை இல்ல மோனே... பலாப்பழம் பழுத்திருக்கு."

கிணற்றடியில் அவள் தொடங்கும் பேச்சு அடுப்படிக்கு வந்து முடிவதற்குள், இவன் போனில் நாலு செய்தி பார்த்திருப்பான்.

மூன்றாம் நாள் அயர்லாந்தில் இருந்த மனைவி ஜீனாவைப் போனில் கூப்பிட்டான்.

"அம்மச்சி ரொம்பத் தளர்ந்துட்டாங்க. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல பஸ்ஸே போகலாம்."

"போன வாரம் கார்ல ஓடவிட்டியே வாய்ஸ் மெசேஜ், அதுல நல்லாத்தானே பேசினாங்க?"

"அதான் பயமா இருக்கு. பத்து நாள்ல இப்படி ஆயிருக்கு. மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிக்குமாம், படிச்சேன்."

எங்கே படித்தான் என்று கேட்காதீர்கள். போனில்தான்.

அங்கே ரெஜிக்கு ஷிப்டு வேலை. இவன் ஓயும் நேரம் அம்மச்சி தூங்கும் நேரம். கூப்பிட்டுப் பேசுவதே விட்டுப்போய், அவள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள், இவன் கட்டைவிரல் படம் அனுப்புவான். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

கோழஞ்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை சேர்த்துக்கொள்கிறோம், டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வேண்டும் என்றார்கள். அவனுக்கும் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது.

சோசாம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ சொன்னா சரி மோனே. கோழிங்கள... யார்கிட்ட விடறது?"

மறுநாள் காலை டாக்டர் பிந்துவின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிச்சிட்டு வாங்க அம்மச்சி."

"தொண்ணூத்திமூணு... எண்பத்தாறு... எழுபத்தொம்போது..." அவசரமில்லாமல் இரண்டு வரைக்கும் வந்து நின்றாள். "இதுக்கு மேல போகாது டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "ஒரு குறையும் இல்லியே."

"கணக்கை விடுங்க டாக்டர், பேச்சைப் பாருங்க. பத்து நாள் முன்னாடி எப்படிப் பேசினாங்க தெரியுமா?"

ரெஜி போனை மேஜைமேல் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டான். கருப்புக் கோழி, முட்டை, பக்கத்து வீட்டுத் தங்கச்சனின் கால் முறிவு எல்லாம் கடகடவென்று கொட்டின.

சோசாம்மா காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"யாரு மோனே இந்தப் பொண்ணு? என் கோழியப் பத்தி... பேசுறா?"

சொந்தக் குரலே தெரியவில்லை, பார்த்தீர்களா என்கிற மாதிரி ரெஜி டாக்டரைப் பார்த்தான்.

டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் சின்னதாக '2x' என்று இருந்தது. விரலால் அதைத் தொட்டார். அது '1x' ஆனது.

"மோனே... கருப்புக் கோழி... முட்டை வெக்க ஆரம்பிச்சிருக்கு..."

நாற்காலியில் இருந்த சோசாம்மாவும் போனில் இருந்த சோசாம்மாவும் ஒரே நிதானத்தில்தான் பேசினார்கள்.

"எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேப்பீங்களா?" என்றார் டாக்டர்.

"கார் ஓட்டிக்கிட்டே கேக்கறது... எல்லாரோடதும் அப்படித்தான் கேப்பேன்."

"அம்மச்சி எப்பவும் இப்படித்தான் பேசியிருக்காங்க. சர்டிபிகேட்ல எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

ஆட்டோவில் வீடு திரும்பும்போது ரெஜி தலை நிமிரவில்லை. பாதி வழியில் சோசாம்மா கேட்டாள்.

"அந்த ரெண்டு மடங்குன்னா... என்ன மோனே?"

"பத்து நிமிஷப் பேச்சு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும் அம்மச்சி."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"அதானா! பத்து நிமிஷம் பேசி அனுப்புவேன். நீல டிக் விழுந்து அஞ்சாவது நிமிஷம் உன் கட்டைவிரல் வந்துடும். பாதியிலயே நிறுத்திட்டேன்னு நெனச்சுக்குவேன். அதனால... வேண்டியதெல்லாம் முன்பாதியிலயே சொல்லிடுவேன்."

"பின்பாதியில?"

"யாரும் கேக்கப் போறதில்லங்கிற தைரியத்துல... மனசுல இருக்கறதப் பேசிக்கிட்டிருப்பேன். அந்தியானா வீடு எவ்வளவு பெருசாத் தெரியுதுன்னு. பேச ஆளில்லாம கோழிகிட்ட பேசறேன்னு. ஆனாலும்... உன் அப்பச்சன் கட்டின வீடு, சாகிற வரைக்கும் இங்கயேதான் இருக்கணும்னு. எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்."

இந்தத் தடவை ரெஜி குறுக்கே பேசவில்லை.

"நீ அதைக் கேட்டதே இல்லன்னு நெனச்சுதான் மோனே... சனிக்கிழமைக்குச் சரின்னேன். பாவம், தெரியாமச் செய்யறான்னு." அவன் முகத்தைத் தேடினாள். "அப்ப... எல்லாத்தையும் முழுசாக் கேட்டிருக்கே, இல்லியா?"

கேட்டிருந்தான். மூன்று வருஷமாக ஒன்றுவிடாமல் கேட்டிருந்தான். ஆனால் மறதி நோய் என்று அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறவனுக்கு, அந்தப் பின்பாதியில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.