தரையை மறந்துடுங்கம்மா

வாக்கரை வாசற்படிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு அவள் நின்றாள்.

ஏறும்போது நல்ல கால் முன்னால். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னால். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் ஆறு நாளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டில் எது நல்ல கால்?

வலது முட்டியில் புதிதாக வைத்த உலோகம். இடது முட்டியில் ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருடம் நின்ற தேய்மானம். அதையும் மூன்று மாதத்தில் மாற்ற வேண்டுமாம்.

இடது காலை எடுத்து வைத்தாள்.

உள்ளே மகன் தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டு. பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

எபிக்கு வயது முப்பத்தி நான்கு. பேச்சு வராது. தானாகச் சாப்பிடத் தெரியாது. நாற்காலியில் உட்கார வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். எதிரே அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து ஊட்டினால்தான் வாய் திறப்பான்.

அதனாலேயே எட்டு வருடம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், ஊட்டி முடித்த பிறகு அவளால் எழ முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துப் பார்த்தாள். புரண்டு பார்த்தாள். சாயங்காலம் பால்காரர் வந்து தூக்கிவிடும்வரை தரையிலேயே கிடந்தாள். அவ்வளவு நேரமும் எபி பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டான்.

மறுநாளே டாக்டரிடம் போனாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நிறையச் சொன்னார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எத்தனை நாள்ல தரையில உக்காரலாம் சார்?”

“தரையை மறந்துடுங்கம்மா.”

வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய்த் தேதி கேட்டாள்.

இப்போது வாக்கரை எபியின் பக்கம் நகர்த்தினாள். “மதினி, கீழ உக்காந்துராதிய.”

நாத்தனார் கிருபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்த ஆறு நாளும் எபியைப் பார்த்துக்கொண்டது அவள்தான். கண் உள்ளே போயிருந்தது.

“பால்தான் குடிக்கான். சோத்துக்கு வாயே தெறக்கல. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன்.”

அம்மா வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்துப் பின்பக்கமாக நாற்காலியைத் தடவினாள். வலது காலை முன்னால் நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். முட்டியில் தையல் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கிருபா தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

எபி தன் எதிரே தரையைத் தட்டினான்.

அவள் ஒரு கவளம் உருட்டிக் கையை நீட்டினாள். குனியப் பார்த்தாள். அதற்குமேல் முட்டி விடவில்லை. அவன் வாய்க்கு ஒரு சாண் மேலேயே கை நின்றுவிட்டது.

அவன் மறுபடி தரையைத் தட்டினான். பலமாக.

“அம்மாவால இனிமே கீழ வர முடியாது, ராசா.”

அவனுக்குப் புரிகிற பேச்சு இல்லை அது. கையைப் பார்த்தான். நீட்டியிருந்த காலைப் பார்த்தான். முட்டியில் போட்டிருந்த கட்டின்மேல் ஒரு விரலை வைத்தான். கிருபா பதறி முன்னால் வந்தாள். அம்மா கையமர்த்தினாள்.

விரலை எடுத்துக்கொண்டான்.

பிறகு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினான். உடம்பைத் திருப்பினான். தடுமாறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு நிமிர்ந்தான்.

முகம் அவள் கைக்கு எட்டியது.

வாய் திறந்தான்.

ஊட்டினாள். ஒன்று. இரண்டு. மென்று விழுங்கும்வரை பார்த்திருந்து அடுத்ததை உருட்டினாள். கிருபா சத்தமில்லாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஐந்தாவது கவளத்தில் அவன் ஒரு முட்டியிலிருந்து மற்ற முட்டிக்குச் சாய்ந்தான். சிமெண்டுத் தரை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இந்தப் பக்கம் சாய்ந்தான்.

அவளுக்குத் தெரியும் அந்தச் சாய்வு. ஜவுளிக்கடையில் அவளும் அப்படித்தான் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.

அடுத்த கவளத்தைப் பெரிதாக உருட்டினாள்.