மூன்று நிமிஷப் பச்சை

பூனை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"போடி தாயே, நேரமாகுது," என்றார் விசில்காரர், கதவுக்குப் பின்னால் ஒளிந்தபடி.

பூனை பின்னங்காலைத் தூக்கி நிதானமாக நக்க ஆரம்பித்தது.

முப்பது வருஷம் நாற்சந்தியில் நின்று லாரி, பஸ், மந்திரி கார் என்று சகலத்தையும் ஒற்றைக் கையால் நிறுத்திய போக்குவரத்துப் போலீஸ்காரர் அவர். வேலையை விட்டு வந்த பிறகும் தெரு அவரை விசில்காரர் என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்டவரை, வாசல் நிலைக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு காமிரா நிறுத்தி வைத்திருந்தது.

மாட்டச் சொன்னவன் மகன்.

போன மாதம், சிவப்பு விளக்கை மதிக்காத பஸ் ஒன்றுக்கு அவர் பழக்கதோஷத்தில் கை காட்டினார். பஸ் நிற்கவில்லை. அவமானம் தாங்காமல் அங்கேயே விழுந்தார். டாக்டர் அதை முழங்கால் என்று தப்பாக எழுதிவிட்டார்.

இனி ஒரு தடவை அப்பா தனியாகக் கேட்டைத் தாண்டுவதைப் போனில் பார்த்தால், மறுநாளே வந்து தன்னோடு கூட்டிப் போய்விடுவதாக மகன் சொன்னான். சொன்னால் செய்கிறவன்.

மகன் வீடு பதினோராவது மாடி. ஜன்னல் திறக்காது. மேலிருந்து பார்த்தால் பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாதிரி ஊரும். ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறார். அங்கே அவர் கைக்கு நின்றது லிப்ட் ஒன்றுதான்.

நாலு தெரு தள்ளி இருக்கும் மகள்தான் ஸ்டூல் போட்டு ஏறிக் காமிராவை மாட்டினாள். மாட்டும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எந்நேரமும் முழித்திருந்தால் பாட்டரி படுத்துவிடுமாம். அதனால் எதிரில் ஏதாவது அசைந்தால் மட்டும் முழிக்கும், சிவப்புப் புள்ளி எரியச் சின்னதாக ஒரு படம் பிடிக்கும், அப்புறம் மூன்று நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த மூன்று நிமிஷத்தில் யானையே போனாலும் அதற்குத் தெரியாது.

காது நன்றாகக் கேட்கிற மனிதரிடம் இதை இரண்டு தடவை சொன்னாள். இவளிடம் ஒரு விஷயம் தங்காது என்று விசில்காரர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

சிவப்புக்கு அப்புறம் பச்சை. இது அவருக்குப் புதுசா?

சிவப்பை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அங்கேதான் பூனை வேலைக்குச் சேர்ந்தது. சம்பளம் ஒரு துண்டு மீன். காலையில் வாசல் வழியாக வெளியே போகும். காமிரா அதைப் படம் பிடித்துவிட்டுக் கண்ணை மூடும். பின்னாலேயே இவர். பூனை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். நாற்சந்தியைப் பார்வையிட்டுவிட்டுத் தெருவில் வந்து நின்று இவர் ஒரு விசில் அடித்தால், அதே ஜன்னல் வழியாகக் குதித்து, முன்பக்கமாகக் கேட்டுக்கு ஓடிவரும். காமிரா மறுபடி அதைப் பிடித்துவிட்டுத் தூங்கும். இவர் உள்ளே வந்துவிடுவார்.

நாளாக ஆக, பூனை காமிராவுக்கு நேரே நின்று, ஒருமுறை முகத்தைக் காட்டி, சோம்பல் முறித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மகனுடைய ஆபீஸில் அதற்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

நேற்று மகன் போன் பண்ணினான்.

"எத்தனை பூனைப்பா வளர்க்கறீங்க? வெளிய போகுது, வெளிய போகுது, உள்ள வந்ததையே காணோமே?"

"உன்னை மாதிரிதான்டா. போறது மட்டும்தான் தெரியும்."

மகன் பேச்சை மாற்றினான். பாட்டரி வேறு சீக்கிரம் தீர்ந்துபோகிறது, தங்கச்சியை அனுப்பி என்னவென்று பார்க்கச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

மகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். ஆகவே இன்றைக்குப் பயமில்லை.

விசில்காரர் இரண்டாவது துண்டு மீனை எடுத்து முற்றத்தில் எறிந்தார். பூனை பெரிய மனசு பண்ணி எழுந்தது. முகத்தைக் காட்டியது. முறித்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது, அணைந்தது.

பச்சை.

வெளியே வந்து கதவைப் பூட்டினார். பூட்டு மக்கர் பண்ணியது. எண்ணெய் கண்டு எத்தனை நாளோ. சாவியைத் திருப்பி, உருவி, மறுபடி விட்டு, ஒருவழியாகப் பூட்டித் திரும்பியபோது பாதிப் பச்சை போய்விட்டது. முழங்கால் வேறு தன் பங்குக்கு முரண்டு பிடித்தது.

பாதி முற்றம் கடந்திருப்பார். கேட் திறந்தது.

மகள்.

விசில்காரரின் இடது கை தானாக எழுந்து, உள்ளங்கை விரிந்து நின்றது. முப்பது வருஷமாக எதையும் நிறுத்திய கை.

மகள் நிற்கவில்லை. முற்றத்துப் பூனையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விடுவிடுவென்று வந்தாள். தூக்கிய கையை அப்படியே பிடித்து, இழுக்காத குறையாக அவரை நடத்திப் போய், கேட்டுக்கு வெளியே மதிலோரம் நிறுத்தினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

கேட் கிரீச்சென்று தானாக ஆடி மூடியது. நிலைக்கு மேலே சிவப்புப் புள்ளி முழித்துக்கொண்டது. மீனைத் தின்றுவிட்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தது. வேறு யாரையும் பார்க்கவில்லை.

மகள் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்கவில்லை.

"மூணு நிமிஷம் பத்தலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லப்பா? அஞ்சா மாத்திடட்டுமா?"

விசில்காரர் தெருவை இடமும் வலமும் பார்த்தார். ஒரு சைக்கிளை நிறுத்தினார்.

"மாத்து," என்றார். "பூனைக்கு வயசாகுது."