பதினேழாம் தாள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கூப்பாடு போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஆவணக் கிடங்கில் நடந்தது. அங்கே இருமினாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

படக்காரரின் மகள் அன்றைக்குத்தான் அப்பாவின் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். மொத்தம் இருபத்துமூன்று. பழைய சம்பவங்களைத் தோண்டித் துருவி ஆவணப்படம் எடுத்த மனுஷன். யாரிடம் பேசினார், எந்த நாள், எந்தச் சுருள் என்று ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறிந்ததில்லை. அவர் போன பிறகு வீட்டில் கரையான் குடிவந்துவிட்டது. இனி அங்கே வைக்க வழியில்லை.

ஒன்பதாம் பெட்டியைத் திறக்கும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

"ஆலைத் தீ விபத்துப் படமா?" என்றார் கிடங்கு அதிகாரி.

"ஆமா சார். இந்தப் பெட்டியில இருக்கிற தாளை மட்டும் தனித்தனியா பிரிச்சுடாதேன்னு சொல்லிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்."

பதினேழாம் தாளில் அதிகாரியின் கண் நின்றது. ஆலை வாட்ச்மேன் பேசியதைத் தட்டச்சு செய்த தாள். 'தீப் பிடிச்சப்போ கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டச் சொன்னது முதலாளி. சாவி அவர் மேஜையில இருந்தது.'

பதினொரு பேர் செத்த விபத்து. எவனோ ஒரு தொழிலாளி விளக்கைத் தட்டிவிட்டான் என்றுதான் ஐம்பது வருஷமாகப் பேச்சு. வாட்ச்மேன் சொன்னதைப் படத்தில் சேர்க்க அப்போது விடவில்லை. ஒலிநாடா பூஞ்சை பிடித்து ஓடாமல் போனது. வாட்ச்மேனும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இந்த ஒரு தாளும், கீழே அவருடைய கைநாட்டும்தான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதோ பாருங்கம்மா. இங்க இருக்கிற இரும்பு அலமாரி அத்தனையும் அந்த முதலாளியோட பேரன் கொடுத்தது. அடுத்த வாரம் பார்க்க வர்றார். ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது? இந்த ஒரு தாளை மட்டும் நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

"வீட்டுல இருந்தா அது வெறும் காகிதம் சார். நானே தட்டச்சு பண்ணிக்கிட்டேன்னு சொல்லிடுவாங்க. மத்த தாளோட சேர்ந்து இங்க இருந்தாத்தான் அது சாட்சி."

"அப்போ இருபத்துமூணு பெட்டியையும் திருப்பி ஏத்திக்குங்க."

அவள் மூலை மேஜையில் பதிவேடு எழுதும் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'தலையாட்டி'. அதிகாரி எதைச் சொன்னாலும் மறுபேச்சு இல்லை. ஆனாலும் காலையில், "உங்க அப்பா படத்தை நாலு தடவை பார்த்திருக்கேம்மா" என்று ஆசையாகப் பேசினவர்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"சார் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று எழுந்து வந்தார் அந்த அம்மா. "எடுத்துடலாம் சார்."

எடுத்தும் விட்டார், தன் கையாலேயே.

"நல்லா இருங்க அக்கா! முப்பது வருஷமா இங்க காகிதத்தைப் பாதுகாத்தீங்களா, நாற்காலியைப் பாதுகாத்தீங்களா?"

அந்த அம்மா முகம் மாறவில்லை. மேஜைக்குப் போய் ஒரு சீட்டை எடுத்து, நிதானமாக எழுத ஆரம்பித்தார்.

"அது என்னம்மா?" என்றார் அதிகாரி.

"எடுப்புச் சீட்டு சார். பெட்டியில இருந்து ஒரு தாள் வெளியே போனா, அந்த இடத்துல சீட்டு வைக்கணும்னு நீங்க போட்ட விதிதானே? சரியா இருக்கான்னு கேளுங்க." வாசித்தார். "எடுத்தது: பதினேழாம் தாள். அதில் உள்ளது: தீப் பிடித்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது, பூட்டச் சொன்னது முதலாளி என்று வாட்ச்மேன் சொன்னது, கைநாட்டுடன். எடுக்கச் சொன்னவர்: அதிகாரி. காரணம்: அலமாரி கொடுத்தவர் பார்க்க வருகிறார்."

சீட்டை அதிகாரியின் முன்னால் நீட்டினார்.

"கையெழுத்து இங்க சார். ஒரு நகல் வாசல் பட்டியல்லயும் போயிடும். வர்றவங்க முதல்ல அதைத்தானே புரட்டுவாங்க."

"சும்மா, 'ஒரு தாள்'னு மட்டும் எழுதும்மா."

"போன மாசம் அப்படி எழுதினதுக்குத்தானே சார் எனக்கு மெமோ கொடுத்தீங்க?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "உள்ளே வைம்மா" என்றார் கடைசியில்.

"எதை சார்? சீட்டையா, தாளையா?"

"தாளைத்தான்!" கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அந்த அம்மா பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் தாளைச் செருகினார். படக்காரரின் மகளுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

"அக்கா, நான் வாய்க்கு வந்தபடி..."

"கேட்கவேண்டியதைத்தானே கேட்டே. இந்தப் பக்கம் அமுக்கிப் பிடி, நாடா கட்டணும்."

மேஜை மேல் கையெழுத்தில்லாமல் கிடந்த சீட்டை அவள் எடுத்தாள். "இனி இது வேண்டாமே? கிழிச்சுடட்டுமா அக்கா?"

"அடியே, ஆவணக் கிடங்குல நின்னுக்கிட்டு கிழிக்கவான்னு கேட்கிறியே!"

வெடுக்கென்று அதைப் பிடுங்கி, அன்றைய தேதி போட்டு, மூலையில் 'பதினேழு-அ' என்று எண் எழுதி, அந்தத் தாளுக்கு அடியிலேயே வைத்து நாடாவை இறுக்கிக் கட்டினார் அந்த அம்மா.